திராட்சைப் பெட்டியுள் ஒரு காப்புத்தாள்

உணவுப் பொருளைப் பொதிசெய்தல் அதனைத் தூசியினின்றும் நசுங்குதலினின்றும் காத்தற்கேயென்று நெடுங்காலம் கருதப்பட்டது. பொதியே நுண்ணங்கிகளை எதிர்த்து நிற்கும் நிலை பிற்காலத்தது. இதனை விளக்குதற்குத் தென்னமெரிக்காவின் சில்லி நாட்டினின்று கப்பலேறும் திராட்சை தக்கதோர் உதாரணமாகும்.

அப்பழம் வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் அடைதற்கு வாரக்கணக்காகும். அக்காலம் முழுவதும் அதனை 0 பாகை செல்சியசை அண்டிய குளிரில் வைப்பர். பங்கசுக்கள் பல அக்குளிரில் அடங்கிவிடும். பொத்திரித்திசு சினீரியா எனும் சாம்பல்நிறப் பங்கசோ அடங்குவதில்லை. மெதுவாகவேனும் வளர்ந்து, அழுகிய ஒரு பழத்தினின்று அடுத்ததற்குப் பரவி, ஈற்றில் குலை முழுவதையும் பற்றிக்கொள்ளும்.

கலிபோர்ணியாவில் 1920களிலேயே இதற்கெதிராகக் கந்தகவீரொட்சைட்டு வாயுவைத் திராட்சைக்கு ஊட்டினர். குளிரறையில் அதனை மீண்டும் மீண்டும் ஊட்டல் வேண்டும். நடுக்கடலிற் செல்லும் பெட்டிக்கு அஃது எளிதன்று. ஆகவே பெட்டியின் மேற்புறத்தில் ஒரு தாளை வைக்கும் முறை எழுந்தது. கடதாசியும் பொலித்தீனும் சேர்ந்த அத்தாளினுள் சோடியம் மெற்றாபைசல்பைற்று எனும் உப்பு அடங்கியிருக்கும். பழங்கள் விடும் நீராவி உப்பைத் தீண்டியதும் வாயு பிறக்கும். பங்கசு செழித்தற்கு வேண்டிய ஈரமே அதனை அழிக்கும் வாயுவையும் பிறப்பித்தல் வியத்தற்குரியது. இருகட்டத் தாள்களில், உப்பின் ஒரு பகுதி தொடக்கத்திலேயே விரைந்து வாயுவை விட்டுப் பழத்தோலிலுள்ள வித்திகளைக் கொல்லும். எஞ்சியது பல வாரங்களுக்குச் சிறிது சிறிதாகக் கசியும்.

ஆயினும் அளவு தவறின் காப்பே கேடாகும். குளிர் இடையிலே தளர்ந்தால் பெட்டியுள் நீர் திரண்டு, வாயு மிகுந்து, பழம் காம்படியினின்று வெளிறத் தொடங்கும், சுவையும் கெடும். உண்பவர் நலமும் இதில் அடங்கியுள்ளது. ஆசுத்துமா நோயாளர் சிலர்க்குச் சல்பைற்று மூச்சுத்திணறலை உண்டாக்கும். ஐக்கிய அமெரிக்கா 1986 இல், பச்சையாக உண்ணும் பழங்களிலும் மரக்கறிகளிலும் சல்பைற்றுச் சேர்த்தலைத் தடைசெய்தது. திராட்சைக்கு ஊட்டும் வாயுவையோ பீடைகொல்லியாகக் கொண்டு, அதன் எச்சம் பத்து இலட்சம் பங்கில் 10 பங்கை விஞ்சலாகாதென வரையறுத்துள்ளது.

மேலும், பழத்தினுள் முன்னரே புகுந்துவிட்ட பங்கசை இவ்வாயு அழிக்கமாட்டாது. தோட்டத்திலே நோயுற்ற பழத்தைக் கழிக்காது விட்டுத் தாளை நம்புதல் வீண். சல்பைற்றை விலக்க விரும்புவோர் மதுசார ஆவியையும், கடுகின் காரத்துக்குக் காரணமான ஆவியையும், வாசனைத் தாவர எண்ணெய்களையும் ஆராய்ந்துள்ளனர். பங்கசை அடக்கும் அளவுக்கு எண்ணெயைக் கூட்டினால் அதன் மணம் பழத்தில் ஏறிவிடுகின்றது. வாங்குவோர் அதனை விரும்புவரோவென்பது வேறு கேள்வி.