ஒருவர் எறிந்த கல், எல்லோர் மீதும் வழக்கு

சென்னையில் போராட்டத் தடை உத்தரவு முடியும் நாள் நெருங்கும்போதெல்லாம் வடசென்னையிலிருந்து வரும் கடிதங்கள் கூடிவிடுகின்றன. உத்தரவு முடிந்துவிட்டால் அனுமதி கேட்க வேண்டாமா என்று திருவொற்றியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். ராயபுரத்திலிருந்து வரும் கடிதங்கள் பழைய கணக்கு ஒன்றைக் கிளறுகின்றன: 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வண்ணாரப்பேட்டையில் நடந்தது தேசபக்திப் போராட்டமா, வன்முறையா? இரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தெரியும். உண்மையில் முதல் கேள்வியின் பதிலுக்குள்தான் இரண்டாவதின் பதில் இருக்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே மறுபடி விளக்கப்போவதில்லை. அது வாசகர்களுக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது, ஒரு கூட்டத்துக்கு ‘வன்முறைக் கும்பல்’ என்ற பெயர் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதுதான்.

2020 பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை. பழைய வண்ணாரப்பேட்டை லாலா குண்டா பகுதியில் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். இரவில் போலீஸ் கலைக்க வந்தது, தடியடி நடந்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கல்வீச்சில் பெண் இணை ஆணையர் உட்பட நான்கு காவலர்கள் காயமடைந்ததாகக் காவல்துறை சொன்னது. அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களை அடித்தார்கள் என்று போராடியவர்கள் சொன்னார்கள். தடியடியில் முதியவர் ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி பரவ, அன்றிரவே மாநிலம் முழுக்க மறியல். அந்த மரணம் இயற்கையானது என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் விளக்கினார். அனுமதி பெறாமல் கூடினார்கள் என்பதையும் அழுத்திச் சொன்னார். ‘அனுமதி பெறாமல்’ என்ற அந்தச் சொற்களை அரசுத் தரப்பு ஏறக்குறைய வன்முறைக்குச் சமமாகவே பயன்படுத்தியது. நான் நிற்க விரும்புவது இந்த இடத்தில்தான்.

சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888ஆம் ஆண்டில் வந்தது. அதன் 41ஆவது பிரிவு, பொது அமைதிக்குத் தேவை என்று கருதினால் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் தடை செய்யும் அதிகாரத்தை ஆணையருக்குத் தருகிறது. சட்டம் எழுதியவர்கள் இதற்கு ஒரு கடிவாளமும் போட்டார்கள்: அப்படியொரு தடை 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. அவசரத்துக்கு மட்டும் எடுக்க வேண்டிய ஆயுதம் என்பதுதான் இந்த வரம்பின் பொருள். நடைமுறையில் என்ன ஆனது? பதினைந்தாவது நாள் முடியும் தறுவாயில் அடுத்த உத்தரவு வருவது சென்னையில் வழக்கமாகிப்போனது. ஒவ்வொரு உத்தரவையும் தனியே எடுத்துப் பார்த்தால் வரம்பை மீறவில்லை. வரிசையாக வைத்துப் பார்த்தால் நகரத்தில் கூடுவதே எப்போதும் தடைசெய்யப்பட்ட செயல், அனுமதி என்பது அதற்கு அளிக்கப்படும் விலக்கு என்றாகிறது. ஐந்து நாளுக்கு முன் மனு, பிறகு காத்திருப்பு, பெரும்பாலும் மறுப்பு. காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று, அதாவது வண்ணாரப்பேட்டை இரவுக்கு ஐந்து வாரம் முன்புதான், 144 தடை உத்தரவுகளைத் திரும்பத் திரும்பப் போடுவது அதிகாரத் துஷ்பிரயோகம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது வேறு சட்டத்தின் பிரிவு என்று வாதிடலாம். ஆனால் காலவரம்புள்ள தடையை நீட்டித்து நீட்டித்து நிரந்தரமாக்குவதன் தவறு சட்டத்தின் பெயர் மாறுவதால் மாறிவிடாது.

இந்தத் தடையின் மேல்தான் இரண்டாவது கட்டு ஏறுகிறது. தடை இருக்கும்போது கூடியவர்களைச் ‘சட்டவிரோதக் கூட்டம்’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதுவார்கள்; 2024 ஜூன் வரை அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 143ஆவது பிரிவு. அப்படி எழுதிவிட்டால் 149ஆவது பிரிவுக்கு வழி திறந்துவிடுகிறது. சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக அதில் ஒருவர் செய்த குற்றம், கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் செய்த குற்றம் என்கிறது அது. ஒரு தெருவில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஒரு மூலையிலிருந்து ஒரு கல் வருகிறது. கூட்டம் சட்டப்படியானது என்றால் போலீஸ் அந்தக் கல்லை எறிந்த கையைத் தேட வேண்டும். கூட்டம் சட்டவிரோதமானது என்றால் கையைத் தேடும் சிரமம் குறைந்துவிடுகிறது. முந்நூறு பேர் பெயரையும், பெயர் தெரியாவிட்டால் ‘மற்றும் பலர்’ என்றும் எழுதிவிடலாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்த பெண்ணும் அந்தப் ‘பலரில்’ அடங்குவார். வெறுமனே அங்கே இருந்தது போதாது, பொது நோக்கத்தில் பங்கிருந்ததைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. ஆனால் அது விசாரணையில், ஆண்டுகள் கழித்து வரும் நிவாரணம். அதுவரை பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் விண்ணப்பிக்கும்போது அந்த வழக்கு கூடவே வரும்.

இதில் அடிப்படையான பிழை ஒன்று உண்டு. ஒரு கூட்டம் எப்போது சட்டவிரோதமாகும் என்று 141ஆவது பிரிவு ஐந்து நோக்கங்களைப் பட்டியலிடுகிறது. அரசைப் பலத்தால் மிரட்டுவது, சட்ட நடவடிக்கையை எதிர்த்துத் தடுப்பது, குற்றம் செய்வது, பலத்தால் பிறர் சொத்தைப் பறிப்பது, பலத்தால் ஒருவரைக் கட்டாயப்படுத்துவது. ‘அனுமதி வாங்காமல் உட்காருவது’ அந்த ஐந்தில் ஒன்றல்ல. 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதைத் தெளிவாக்கினார். அமைதியாகப் போராடியவர்கள் மீது போட்ட வழக்குகளை ரத்து செய்ததோடு, தடையை மீறியதற்கான 188ஆவது பிரிவில் போலீஸ் தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். இதற்குப் பிறகும், 2019 டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாசலில் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துச் சென்றது. சொன்ன காரணம், அனுமதி இல்லை. அரிசி மாவில் என்ன வன்முறை இருக்க முடியும்?

போலீஸ் மீது கல் விழுந்ததே, காவலர்களுக்கும் குடும்பம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. காயம் காயம்தான், கல் எறிந்தவரை அடையாளம் கண்டு தண்டிப்பதை யாரும் ஆட்சேபிக்க முடியாது. என் வாதம் அந்தக் கல்லை மன்னிக்கச் சொல்லவில்லை. அதை எறியாதவர்களின் தலையில் சுமத்தக் கூடாது என்கிறது. கலைக்கும் முடிவு கல் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டதா, பின்பா என்பதையும் பார்க்க வேண்டும். இதைச் சோதிக்க ஐந்து நாள் கழித்து நடந்ததே போதும். பிப்ரவரி 19 அன்று தலைமைச் செயலகத்தை முற்றுகையிட இஸ்லாமிய அமைப்புகள் அறிவித்திருந்தன. உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் மூவர்ணக் கொடிகளோடு சேப்பாக்கத்தில் திரண்டார்கள். போலீஸ் தடுப்புகளை வைத்து நிறுத்தியது, தடியை எடுக்கவில்லை. கூட்டம் பேசி முடித்துக் கலைந்தது. வண்ணாரப்பேட்டையிலும் சேப்பாக்கத்திலும் கோரிக்கை ஒன்று, தடையும் இருந்தது. வேறுபட்டது போலீஸ் நடந்துகொண்ட விதம்.

அடுத்தது சாலை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளால் ஏற்கனவே மூச்சுமுட்டும் வடசென்னையில் தெருவை அடைத்து உட்கார்ந்தால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? பொதுச் சாலையைக் காலவரையின்றி ஆக்கிரமிக்கக் கூடாது, ஒதுக்கிய இடத்தில் போராட வேண்டும் என்று ஷாகின்பாக் வழக்கில் 2020 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பை நான் முழுதாக ஏற்கவில்லை, ஆனாலும் அதன்படியே பார்ப்போம். ஒதுக்கிய இடம் என்றால் ஒதுக்கித் தர வேண்டும். சென்னையில் வழக்கமாக அனுமதி கிடைப்பது வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் போன்ற இடங்களில். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடு வீட்டை விட்டு ஓடினார்கள். அவர்கள் தங்கள் தெருவில் கூடாமல் வள்ளுவர் கோட்டத்துக்குப் பஸ் ஏறிப்போய்த்தான் கேள்வி கேட்க வேண்டுமா? போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அதையே கூடுவதைத் தடை செய்யும் அதிகாரமாக மாற்ற முடியாது என்பது 1972இல் ஹிம்மத் லால் வழக்கிலேயே முடிந்துபோன விஷயம்.

தேசபக்தி பற்றி. வண்ணாரப்பேட்டைப் போராட்டக்காரர்கள் தேசியக் கொடியைப் பிடித்தார்கள், அரசியலமைப்பின் முகப்புரையை வாசித்தார்கள். போராட்டக் களத்திலேயே ஒரு திருமணமும் நடந்தது. அவர்களை ஆதரிப்போர் இதைக் காட்டி, பாருங்கள் இவர்கள் தேசபக்தர்கள் என்கிறார்கள். அக்கறையில் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் இந்த வாதத்தில் ஆபத்து இருக்கிறது. 2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் போலீஸ் நெருங்கியபோது ஜல்லிக்கட்டு இளைஞர்களும் தேசிய கீதம் பாடினார்கள். ஒரு வாரம் உலகமே மெச்சிய கூட்டம் அது. சில நாளில் அன்றைய முதல்வர் பன்னீர்செல்வம், பின்லேடன் படம் வைத்திருந்தவர்கள் அதில் இருந்ததாகச் சட்டமன்றத்தில் சொன்னார். கொடியும் கீதமும் அவர்களைக் காக்கவில்லை. உரிமைக்குத் தேசபக்தியை நிபந்தனையாக வைத்தால், அதை அளக்கும் கோல் எப்போதும் ஆட்சியாளர் கையில்தான் இருக்கும். மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு 2020 பிப்ரவரி 13 அன்று, வண்ணாரப்பேட்டைக்கு முந்தின நாள், இதைச் சரியாகப் பிடித்தது. மஜல்காவ் ஈத்கா மைதானத்தில் உட்கார அனுமதி கேட்டவர்களின் வழக்கு அது. ஒரு சட்டத்தை எதிர்ப்பதாலேயே எவரையும் தேசத்துரோகி என்று அழைக்க முடியாது என்று சொல்லித் தடை உத்தரவை ரத்து செய்தது. அவர்கள் எவ்வளவு தேசபக்தர்கள் என்ற ஆராய்ச்சி அதற்குத் தேவைப்படவில்லை.

2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன், குடியுரிமைச் சட்டப் போராட்ட வழக்குகள் சுமார் 1,500 திரும்பப் பெறப்படும் என்று பழனிசாமி அறிவித்தார். வன்முறையில் ஈடுபட்டதாகவும் போலீஸைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகவும் பதிவான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எந்த வழக்கு வன்முறை வழக்கு என்று தீர்மானித்தது எது? நீதிமன்றத் தீர்ப்பல்ல, அன்றிரவு காவல் நிலையத்தில் எழுதிய பிரிவு எண்கள். ஒருவர் எழுந்து போக மறுத்ததையே ‘பணியைத் தடுத்தது’ என்று எழுதியிருந்தால் அவருக்கு விடுதலை இல்லை. அடுத்து வந்த ஸ்டாலின் அரசும் 2021 ஜூனில் இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஆட்சி மாறினால் வழக்கு போகும் என்பது நிவாரணமாக இருக்கலாம், நீதியாகாது. 41ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்.

தடை முடிந்த நாளில் அனுமதி வேண்டாமா? அடுத்த உத்தரவு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டாலும் ஐந்து நாள் முன்னதாக மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.

நான்கு பேர் நின்றால்? சட்டவிரோதக் கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்கள்? 2024 ஜூலை 1 முதல் 143க்குப் பதில் 189, 149க்குப் பதில் 190, 188க்குப் பதில் 223.

குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டதா? விதிகள் 2024 மார்ச் 11 அன்று வெளியாயின.

இலங்கைத் தமிழ் அகதிகள்? அந்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

சென்னைக் காவல் ஆணையருக்கு ஒரு வேண்டுகோள்: 41ஆவது பிரிவில் போடும் ஒவ்வொரு உத்தரவையும் அன்றே, அந்தப் பதினைந்து நாளுக்கான தனிக் காரணத்தோடு வெளியிடுங்கள். வழக்கில் பெயர் இருக்கும் வாசகர்களுக்கு: முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது; சில உணர்வுப்பூர்வமான வழக்குகளுக்கு மட்டுமே விலக்கு. உங்கள் நகலை எடுத்து 149 அல்லது 190 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கல் எறிந்தவர் யார் என்று அந்த அறிக்கையில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.