செருப்பு கழன்றதே தெரியலையா? கால் தரும் சர்க்கரை எச்சரிக்கை

நடக்கும்போதே செருப்பு கழன்று விழுகிறது. நாலு அடி தாண்டிய பிறகுதான் உங்களுக்குத் தெரிகிறது. 'ஏதோ யோசனையில இருந்துட்டேன்' என்று விட்டுவிடாதீர்கள். பாதத்தில் உணர்வு மங்குகிறது என்பதற்கு இது பழைய, நம்பகமான அடையாளம்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, கேரளத்தில் 20 வயது தாண்டியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14.4, நாட்டின் சராசரி 11.4. நகரின் புலயனார்கோட்டையில் இதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் இயங்குகிறது.

ஏன் முதலில் கால்?

நம் உடம்பின் மிக நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை போகின்றன. ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடி நின்றால் அவைதான் முதலில் பழுதாகும். அதனால் தொந்தரவு இரண்டு கால் விரல்களிலும் தொடங்கி, சாக்ஸ் இழுத்துவிட்ட மாதிரி மேலே ஏறும். ராத்திரி படுத்தால் எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சு மேல் நடப்பது போன்ற மதமதப்பு. வியர்வை நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு குதிகால் வெடிக்கும். விரலிடுக்கில் சேற்றுப்புண் போய்ப் போய் வரும்.

எரிச்சல் இருக்கும்வரை டாக்டரிடம் ஓடுவோம். உண்மையான ஆபத்து, வலி நின்ற பிறகுதான். இதைத் தெளிவாகச் சொன்னவர் வேலூர் சிஎம்சிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைய முக்கியக் காரணம் உணர்வின்மை என்றார் அவர். வலி தெரியாததால் காயத்தின் மேலேயே நடந்தார்கள். பின்னாளில் அமெரிக்காவில் இதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்பட்டது.

ஆற்றுகால் பொங்கலையை நினைத்துப் பாருங்கள். மாசி வெயிலில், சாலையில் வெறுங்கால். உணர்வு மங்கிய பாதத்துக்குத் தார் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் கண்ணில் படும். பொங்கலையை விடச் சொல்லவில்லை. கிளம்புமுன் காலைச் சோதியுங்கள், அவ்வளவுதான்.

சோதனை சுலபம். கண்ணை மூடிப் படுங்கள். வீட்டில் ஒருவர் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு விநாடி மெல்லத் தொடட்டும், அழுத்தாமல். ஆறில் இரண்டு தொடுதலாவது தெரியாமல் போனால் டாக்டரைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் இதையே 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் செய்வார்கள்.

மரத்துப்போனாலே சுகர் என்றும் பயப்பட வேண்டாம். பி12 குறைவு, மதுப்பழக்கம், தைராய்டு பிரச்சினை எல்லாமே இதைச் செய்யும். ஒரு காலில் மட்டும் என்றால் முதுகு டிஸ்க்காகவும் இருக்கலாம். ரத்தம்தான் முடிவு சொல்லும்: வெறும் வயிற்றில் 126, அல்லது ஹெச்பிஏ1சி 6.5, அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவர்களுக்கு மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள்.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணுக்கு இனியும் காத்திருக்கக் கூடாது. விரல் கறுத்தாலோ, ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தும் வலிக்காமல் இருந்தாலோ அன்றே போங்கள். இரண்டாவதில் உள்ளே எலும்பே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். ஊரில் அப்பா, அம்மாவுக்குச் சுகர் இருந்தால், அடுத்த முறை போகும்போது அவர்கள் உள்ளங்காலையும் பாருங்கள். ஆணிக்காலை பிளேடால் சீவுவதையும் எரிச்சலுக்குச் சுடுதண்ணியில் கால் வைப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.