மறைத்துவைத்த 1,400 மார்க்!

1,600-க்கு 1,400 மார்க். எந்த வீட்டிலும் ஸ்வீட் வாங்கிக் கொண்டாட வேண்டிய மதிப்பெண். ஆனால், அமெரிக்காவில் சில வருடங்களுக்கு, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட மார்க்கை வாங்கிவிட்டு, அதைக் கல்லூரிக்குச் சொல்லாமலேயே விண்ணப்பித்தார்கள். சொல்லியிருந்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

விஷயம் எஸ்.ஏ.டி தேர்வு பற்றியது. அமெரிக்கக் கல்லூரியில் இளநிலைப் படிப்பு படிக்க நினைக்கும் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது. ஆங்கிலத்துக்கு 800, கணக்குக்கு 800. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். மொத்தம் 2 மணி 14 நிமிடம். முதல் பகுதியில் எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அடுத்த பகுதியின் கேள்விகள் கடினமாகவோ எளிதாகவோ மாறும்.

நம் ஊர் நீட் போல இதில் கட் ஆஃப், ரேங்க், கவுன்சலிங் எதுவும் கிடையாது. பள்ளி மார்க், கட்டுரை, ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம், விளையாட்டு என்று ஒரு தடிமனான ஃபைலில் இந்த மார்க்கும் ஒரு தாள். 1,600 வாங்கியவரையும் ஹார்வர்டு வேண்டாம் என்று சொல்லலாம், சொல்லவும் செய்கிறது.

தேர்வின் வரலாறு அவ்வளவு அழகானதல்ல. 1926-ல் ஏறத்தாழ 8,000 பேர் எழுதிய முதல் தேர்வை வடிவமைத்தவர் பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகாம். எந்த இனத்துக்கு அறிவு அதிகம், எதற்குக் குறைவு என்று 1923-ல் புத்தகம் எழுதியவர்; 1930-ல் தன் முடிவுகள் தவறு என்று அவரே வாபஸ் வாங்கினார். ஆனால் அதே தேர்வை, ஹார்வர்டின் தலைவராக 1933-ல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் கோனன்ட் வேறு நோக்கத்துக்குக் கையில் எடுத்தார். பணக்கார விடுதிப் பள்ளிப் பையன்களாலேயே ஹார்வர்டு நிரம்புகிறதே, தூரத்து ஊர்களின் சாதாரணப் பள்ளிகளிலிருந்து கெட்டிக்காரர்களைக் கண்டுபிடித்து உதவித்தொகை தர வேண்டும் என்றார். தேர்வு ஏழைக்கு எதிரியா, துணையா என்ற சண்டைக்கு அன்றிலிருந்தே வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

எதிரி என்பவர்களிடமும் நியாயம் உண்டு. காசு இருந்தால் தனிப் பயிற்சி, இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று எழுதலாம். 2019-ல் வெடித்த மோசடி வழக்கில், தேர்வறையில் ஆள் வைத்து விடைகளைத் திருத்தவே பெற்றோர் பணம் கொடுத்தது அம்பலமானது. மகளுக்காக 15,000 டாலர் கொடுத்ததை ஒப்புக்கொண்ட ஹாலிவுட் நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மனுக்கு 14 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

2020-ல் கொரோனா வந்தது, தேர்வு மையங்கள் மூடப்பட்டன. 'மார்க்கை அனுப்ப விரும்பினால் அனுப்புங்கள், இல்லையென்றால் பரவாயில்லை' என்றன பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள். கேட்பதற்கு எவ்வளவு நல்ல மனசு! இதற்குள்தான் ஒரு பொறி இருந்தது.

அனுப்புவது விருப்பம் என்றால் யார் அனுப்புவார்கள்? 1,550 வாங்கியவர்கள். கல்லூரி வெளியிடும் 'எங்கள் மாணவர்களின் மார்க்' பட்டியலும் 1,500-க்கு மேல் எகிறும். அதைப் பார்த்ததும் 1,450 வாங்கியவர் தன் மார்க்கை மறைப்பார். அடுத்த வருடம் பட்டியல் இன்னும் ஏறும். விவரம் தெரிந்த வீட்டில் ஆலோசகரிடம் கேட்பார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை யாரிடம் கேட்கும்? இணையத்தில் தெரியும் அந்த எண்ணைப் பார்த்து, தானே முடிவெடுக்கும்.

டார்ட்மத் கல்லூரியில் நான்கு பேராசிரியர்கள் பழைய விண்ணப்பங்களை எடுத்து ஆராய்ந்தபோது இதுதான் வெளிப்பட்டது. சேர்க்கை அலுவலகம் வெறும் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அது எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்றும் பார்க்கிறது. சராசரியே 1,000 இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை 1,400 எடுத்தால், அது பிரமாதமான மார்க். அதைச் சொல்லாமல் விட்டதால், அந்தப் பிள்ளையின் ஃபைலில் சொல்லிக்கொள்ளும்படி இருந்த முக்கியமான ஒன்றே காணாமல் போனது. 2024 பிப்ரவரியில் டார்ட்மத் தேர்வைக் கட்டாயமாக்கியது. அதன் தலைவர் சயான் பைலாக், தேர்வு பயத்தில் மூளை எப்படித் தடுமாறுகிறது என்பதை ஆராய்ந்த விஞ்ஞானி என்பது சுவாரஸ்யம்.

முந்திக்கொண்டது எம்.ஐ.டி. (குரோம்பேட்டை எம்.ஐ.டி அல்ல, பாஸ்டன் பக்கம் இருப்பது!) 2022-லேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே என்ன படித்தாலும் கால்குலஸும் இயற்பியலும் எல்லோருக்கும் கட்டாயம். உயர்நிலைக் கணக்குப் பாடமே நடத்தாத பள்ளியில் படித்தவர், தன்னால் முடியும் என்று காட்ட இந்தத் தேர்வுதான் வழி என்றது.

ஹார்வர்டு 2024 ஏப்ரலில் மனம் மாறியபோது மேற்கோள் காட்டியது, அங்கேயே பேராசிரியராக இருக்கும் ராஜ் செட்டியும் சகாக்களும் செய்த ஆய்வை. டெல்லியில் பிறந்து, ஒன்பது வயதில் அமெரிக்கா போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவர். 2023-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு அமெரிக்காவையே அதிரவைத்தது. ஒரே எஸ்.ஏ.டி மார்க் வாங்கிய இரண்டு பேரில், வருமானத்தில் முதல் 1 சதவிகிதக் குடும்பத்துப் பிள்ளை இந்த உயர்தரக் கல்லூரிகளில் படிக்கும் வாய்ப்பு, நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! அப்பா அம்மா அங்கே படித்தவர்கள் என்ற சலுகை, விளையாட்டு ஒதுக்கீடு, பளபளப்பான சிபாரிசுக் கடிதங்கள். காசு உள்ளே நுழையும் பெரிய கதவுகள் இவை. மார்க்கை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இந்தக் கதவுகள்தானே?

அதற்காகத் தேர்வு மைதானம் சமமாகிவிடவில்லை. பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அதிக மார்க் எடுப்பது இன்றும் நிஜம். வசதியற்ற அமெரிக்க மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டண விலக்கு உண்டு, கான் அகாடமியில் இலவசப் பயிற்சி உண்டு. ஆனால் நல்ல கணக்கு ஆசிரியரை எந்த இணையதளமும் பள்ளிக்கு அனுப்பிவைக்காது.

பிரவுன், கார்னெல், கால்டெக், ஸ்டான்ஃபோர்டு, பென்சில்வேனியா என்று வரிசையாகத் தேர்வுக்குத் திரும்பிவிட்டன. யேல், எஸ்.ஏ.டிக்குப் பதிலாக வேறு சில தேர்வுகளையும் ஏற்கிறது. பிரின்ஸ்டன் 2027-ல் விண்ணப்பிப்பவர்களிடமிருந்து மீண்டும் கேட்கப்போகிறது. ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களில் கொலம்பியா மட்டும், 'விருப்பம் இருந்தால் அனுப்புங்கள்' என்பதை நிரந்தரமாக்கியிருக்கிறது. ஆக, அங்கே விண்ணப்பிக்கும் 1,400 மார்க் பிள்ளைக்கு அனுப்பலாமா, மறைக்கலாமா என்ற அந்தக் குழப்பம் தொடர்கிறது.