எங்கே இடறுகிறது?

டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். அணி இலக்கணம் எங்கும் ஓடிப்போகாது.

பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்த முறைதான் கோளாறு. பெயர், விளக்கம், சான்று, இரண்டு மதிப்பெண். தண்டியலங்காரம் என்ற அணி நூல் பொருளணியில் மட்டும் 35 வகை சொல்கிறது. அத்தனையும் தலைகீழாக ஒப்பிப்பவர்கூடக் கண்ணெதிரே ஓர் அணி வந்து நின்றால் அடையாளம் தெரியாமல் கடந்துபோவார். பெயர் கிடக்கட்டும். படிக்கும்போது எந்த இடத்தில் மனசு இடறுகிறது என்று மட்டும் பாருங்கள்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். மன்னன் அதியமானின் தூதராகப் போன ஔவையாருக்குப் பகை மன்னன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை பாராட்டத் தொடங்குகிறார்: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி, நுனி முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

மேலோட்டமாகப் படித்தால் தொண்டைமானுடையது ஒழுங்கு, அதியமானுடையது உடைசல். ஆனால் வேலுக்கு எதற்கய்யா மாலை? அங்கேதான் இடறுகிறது. பளபளப்பு என்றால் போரையே பார்க்காத ஆயுதம். முறிந்தது என்றால் வேலை பார்த்த ஆயுதம். பாராட்டு அப்படியே குத்தலாகத் திரும்பிவிடுகிறது. வஞ்சப் புகழ்ச்சி என்பது இதுதான். பாட்டில் ஒரு வசைச்சொல்கூடக் கிடையாது என்பதையும் பாருங்கள். தொண்டைமான் கோபப்பட நினைத்தாலும் எந்தச் சொல்லைக் காட்டிக் கோபப்படுவான்? தூது போனவருக்கு இதைவிடப் பாதுகாப்பான பேச்சு ஏது!

திருக்குறளில் வலியறிதல் அதிகாரம் அரசனின் பலத்தைப் பற்றியது. நடுவில், 475ஆம் குறளில், மயிலிறகு ஏற்றிய வண்டி வருகிறது. அளவு மீறினால் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். அரசனும் இல்லை, பகைவனும் இல்லை. வண்டிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால் கதவு திறக்கும்: எளியவர்தாமே என்று பலரையும் பகைத்துக்கொண்டால் பலசாலியும் முறிவான். இது பிறிது மொழிதல். தண்டியலங்காரத்தில் இதற்குப் பெயர் ஒட்டு.

இடறவே வைக்காத உத்திகளிடம்தான் எனக்குப் பயம். மேடையின் அடுக்குமொழி அந்த ரகம். எதுகையும் மோனையும் காதில் தேனாகப் பாயும்போது, பேசுபவர் காரணமே சொல்லவில்லை என்பது உறைக்காது. அதே வாக்கியத்தை வெறும் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

விடை எதிர்பார்க்காத கேள்வியும் அப்படித்தான். நாளைக் காலைத் தலையங்கத்தில் ‘மக்கள் இதைப் பொறுப்பார்களா?’ என்று இருந்தால், பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்: எந்த மக்கள், அவர்களை யார் கேட்டார்கள்?