பெயின்டுக்கு அடியில் ஒரு வெஸ்பா

பழைய வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்களுக்கு உலகம் முழுக்க மவுசு கூடியிருக்கிறது. ‘1962 மாடல், முழுதாகப் புதுப்பித்தது’ என்று விளம்பரம் வந்தால், இரட்டை வண்ணப் பெயின்டையும் மின்னும் குரோமையும் படத்தில் பார்த்துவிட்டே பணம் அனுப்புகிறவர்கள் உண்டு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இன்ஜின் எப்படி என்று விசாரிப்பார்கள். கால் வைக்கும் தகட்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. ஓட்டுபவரின் உயிரைச் சுமப்பது அந்தத் தகடு.

இற்ற தகட்டைப் பெயின்டால் மறைத்து விற்கும் ஆபத்து ஊரறிய வெளிவந்தது, வியட்நாமிலிருந்து ஏற்றுமதியான வண்டிகளால். சைகோன் தெருக்களில் ஒரு காலத்தில் இத்தாலிய ஸ்கூட்டர்கள் ஏராளமாக ஓடின. போருக்குப் பிறகு உதிரிபாகங்களுக்குப் பஞ்சம் வந்தது. அமெரிக்கா விதித்த வணிகத் தடை 1994 வரை நீடித்தது. கிடைத்த தகரத்தைத் தட்டி, வெட்டி, ஒட்டி வண்டியை ஓடவைக்கும் திறமை அங்கிருந்த மெக்கானிக்குகளுக்குக் கைவந்தது. உள்ளூரில் நிதானமாகப் போகும் வண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய ஸ்கூட்டர் மோகம் பரவியதும், இற்றுப்போன வண்டிகளும் பளபளப்பாகிக் கப்பல் ஏறின. வாங்கியவர்கள் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தபோது பள்ளங்களை நிரப்பக் கனமாகப் பூசிய பட்டி, இரண்டு வண்டிகளை வெட்டி ஒன்றாக்கிய உடல், முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டான ஃபோர்க்கை நடுவில் வெல்டிங் வைத்து நீட்டியது எல்லாம் வெளிப்பட்டன. ஒழுங்காக வேலை பார்க்கும் பட்டறைகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் இரண்டு வேலையும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும்.

சரித்திரத்தில் இங்கே தேவைப்படுவது கொஞ்சம்தான். பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் கட்டியவர். 1946 ஏப்ரலில் காப்புரிமைக்குப் பதிவான அவருடைய வண்டியில் தனியாகச் சட்டம் கிடையாது. அச்சில் அழுத்தி வளைத்த தகடே சட்டமாகவும் உடலாகவும் நின்றது. மறுவருடம் இன்னொசென்டி நிறுவனம் கொண்டுவந்த லாம்ப்ரெட்டா, குழாய்ச் சட்டத்தை நம்பியது.

வெஸ்பாவில் கால் நுழைவதற்காக நடுவே வெட்டவெளி விட்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் அந்த இடத்தில் பெட்ரோல் டேங்க்கும் அதைத் தாங்கும் குழாயும் இருக்கும். இங்கே ஹேண்டில்பார் பக்கத்தையும் சீட்டுப் பக்கத்தையும் இணைப்பது கால் வைக்கும் தகடான ஃப்ளோர் மட்டுமே. தகட்டின் கனமோ இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. போதாக்குறைக்கு இன்ஜின் வலப்பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரத்துக்கும் ஒரு பக்கத்தில் மட்டுமே பிடிமானம். பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டியின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமுமாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதை இவ்வளவு மெல்லிய தகடு எப்படித் தடுக்கிறது?

மூடியிருப்பதால் தடுக்கிறது. கேபிள்கள் ஓடும் நடுமேடு, ஃப்ளோர் தகடு, அடியிலுள்ள குறுக்குச் சட்டம் எல்லாம் ஸ்பாட் வெல்டிங்கால் இணைந்து மூடிய அறைகளாகின்றன. மூடிய வடிவத்தின் பலம் வியப்பூட்டுவது. 50 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட ஓர் உருக்குக் குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாக அறுத்தால் என்ன ஆகும்? அதே உருக்கு, ஏறக்குறைய அதே எடை. ஆனால் முறுக்கை எதிர்க்கும் விறைப்பு சுமார் 800 மடங்கு குறைந்துவிடும். அறுபடாத குழாயில் விசை சுவர் வழியே வட்டமாகச் சுற்றிவருகிறது; எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள 50 மில்லிமீட்டர் அதற்கு நெம்புகோலாக உதவுகிறது. அறுத்த இடத்தைத் தாண்டிப் போக விசைக்கு வழியில்லை. சுவரின் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குள்ளேயே அது திரும்பி வர வேண்டியிருக்கிறது. நெம்புகோல் அந்த அளவுக்குச் சுருங்கிப்போகிறது.

தீப்பெட்டியை எடுத்து இதைச் சோதிக்கலாம். குச்சித் தட்டோடு சேர்த்து முறுக்கினால் பெட்டி லேசில் வளைந்துகொடுக்காது. தட்டை உருவிவிட்டால் உறை சாய்ந்து சரிவதற்கு இடம் கிடைக்கிறது. ஸ்கூட்டரின் குறுக்குச் சட்டம் செய்வது அந்தத் தட்டின் வேலை. உறையின் பசை ஒட்டைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது துவளும் அட்டை. மழையில் நனைந்து ஒட்டு விட்டுப்போன தீப்பெட்டியை ஒருவர் காயவைத்து, பிளவின் மேல் களி பூசி, புத்தம் புது லேபிளை ஒட்டி அலமாரியில் அடுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கப் புதிதாகவே இருக்கும். குச்சியை உரசினால் பற்றவும் செய்யும். ஒரே உதையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது என்று வண்டிக்காரர் காட்டுவதும் இதைத்தான். உறைக்கு வலு திரும்பியிருக்காது.

ஸ்கூட்டரில் அந்த ஒட்டைப் பிரிப்பது துரு. இரும்பு துருவானால் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய தகடுகளுக்கு இடையில் துரு ஊதும்போது ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொள்கின்றன. முறையான வேலை என்றால் இற்ற தகட்டை முழுதாக வெட்டியெடுத்து, புதுத் தகட்டை ஓரம் முழுக்கப் பற்றவைக்க வேண்டும். மோசமான பட்டறையில் இற்றதன் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெல்டிங் வைத்து, இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, அடியில் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்துவிடுகிறார்கள். பட்டியின் விறைப்பு உருக்கின் விறைப்பில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாது. பட்டி நிரப்பிய ஒவ்வோர் இடைவெளியும் குழாயில் விழுந்த அறுப்புதான். உள்ளே சிறைப்பட்ட ஈரம் அடுத்த மழைக்காலத்திலேயே மிச்சத்தை அரிக்கத் தொடங்கும்.

ஃபோர்க்கில் நடக்கும் கோளாறு இதைவிடப் பயங்கரமானது. வெஸ்பாவின் முன்சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒற்றைக் குழாய். மோதலில் வளைந்ததை நிமிர்த்தியோ, இரண்டு துண்டுகளைக் குறுக்கே ஒட்டியோ போட்டால், வெல்டிங்கின் ஓரத்தில் தகைவு குவிகிறது. பிரேக் அடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அங்கே இழை இழையாக முன்னேறும். இந்தச் சோர்வு முறிவு சத்தம் போடாது. வண்டி மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். ஒரு கட்டத்தில் மிஞ்சிய உருக்கு சுமையைத் தாங்காமல் ஒரே நொடியில் முறியும். விழுகிற வண்டியைத் தாங்க அங்கே இரண்டாவது கால் கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிரேக் பெடல் பூட்டியிருப்பதும் அதே ஃப்ளோரில். தகடு இளகினால் பெடலை மிதிக்கும் தூரத்தில் ஒரு பகுதி தகட்டை வளைப்பதிலேயே வீணாகும். சக்கர ரிம் இரண்டு பாதிகளாக நட்டு போட்டு இணைத்தது. மரை தேய்ந்த நட்டு அங்கே இருக்கவே கூடாது.

வாங்குவதற்கு முன் என்ன செய்யலாம்? காந்தத்தை ஒட்டிப் பார்க்கச் சொல்வது வழக்கம். கனமான பட்டியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். மேலே போர்த்திய தகட்டின் வெல்டிங் நல்லதா என்று சொல்லாது. வண்டியைச் சாய்த்து அடியில் பார்ப்பது மேல். குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில் சீரான இடைவெளியில் ஸ்பாட் வெல்டிங் குழிகள் தெரிந்தால் நல்ல அறிகுறி. வழவழவென்று தார் மட்டும் தெரிந்தால் சந்தேகப்படலாம். ஃபோர்க்கில் பெயின்டை நீக்கி, வெடிப்பு கண்டுபிடிக்கவென்றே விற்கும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால், வெடிப்புக்குள் இறங்கிய சாயம் சிவப்புக் கோடாக மேலே வந்து நிற்கும்.

பெயின்ட் அடிப்பதற்கு முன், வெறும் தகடாக இருந்தபோது எடுத்த படங்களைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. நேர்மையாக உழைத்த பட்டறைக்காரர் அவற்றைப் பெருமையோடு காட்டுவார். அப்படி ஒரு படமும் இல்லையென்றால், புது ஃப்ளோரும் மறு பெயின்டும் போடும் செலவைக் கழித்த பிறகே விலை பேச வேண்டும். ஃபோர்க்கில் ஒட்டு தெரிந்தாலோ, ஃபோர்க்கையே மாற்றும் வரை அந்த வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது.