பெரும்பான்மையும் மனச்சாட்சியும்

ஒரு சபையில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று என்று கேட்டால் ஜனங்கள் திருப்தியடைகின்றனர். அது ஒவ்வொருவரும் தனித்து ஆராய்ந்து கண்ட முடிவா, அல்லது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தூக்கிய கைகளின் எண்ணிக்கையா என்று விசாரிப்போர் சிலரே. 1957-ம் வருஷம் வெளிவந்த 'ட்வெல்வ் ஆங்கிரி மென்' என்னும் அமெரிக்கப் படம் இவ்விசாரணையையே செய்கிறது.

ரெஜினால்ட் ரோஸ் எழுதி, ஸிட்னி லூமெட் டைரக்ட் செய்த இப்படத்தின் கதை பெரும்பாலும் நியூயார்க் நகரின் ஒரு ஜூரி அறைக்குள்ளேயே நடைபெறுகிறது. தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 18 வயதுப் பையனின் உயிர் 12 ஜூரிகளின் கையில் இருக்கிறது. குற்றவாளியென்று அனைவரும் ஒருமுகமாகச் சொன்னால் மரண தண்டனை நிச்சயம். முதலில் கை தூக்கும்படி கேட்கின்றனர். சில கைகள் விரைந்து எழுகின்றன. சில, அயலாரைப் பார்த்துத் தயங்கி எழுகின்றன. 11 பேர் குற்றவாளி என்கின்றனர். எட்டாவது ஜூரி ஒருவரே இணங்க மறுக்கிறார். பையன் நிரபராதி என்று அவர் சாதிக்கவில்லை. ஓர் உயிரைப் போக்குமுன் சற்றே பேசுவோம் என்பதுதான் அவர் கோரிக்கை.

தயங்கி எழுந்த கைகளின் மர்மத்தை, ஸாலமன் ஆஷ் என்ற மனோதத்துவ நிபுணர் 1951-ல் வெளியிட்ட பரிசோதனைகள் விளக்குகின்றன. கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்வதே வேலை, குழந்தையும் செய்யலாம். ஆனால் முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் யாவரும் தவறாகச் சொல்லவே, சூதறியாத ஒருவர், சுமார் மூன்றில் ஒரு பங்கு தடவை, தம் கண்ணை மறுத்துக் கூட்டத்துடன் சேர்ந்தார். உண்மை சொல்லும் துணைவர் ஒருவர் கிடைத்ததும் இத்தவறுகள் மிகவும் குறைந்தன. விடையை இரகசியமாக எழுதச் சொன்னபோதும் குறைந்தன.

படத்தின் திருப்பமும் இவ்விரண்டினாலேயே நேர்கிறது. எட்டாமவர் இரகசியச் சீட்டு வோட்டுக் கேட்டுத் தாம் விலகி நிற்கிறார்; 11 சீட்டுகளும் குற்றவாளி என்றிருந்தால் தாமும் இணங்குவதாக வாக்களிக்கிறார். ஒரு சீட்டு மாறி வருகிறது. அதை எழுதியவர் ஒரு முதியவர். தனித்து நிற்பவருக்குத் துணை கிடைத்தவுடன் அறையின் காற்றே மாறிவிடுகிறது.

மற்றவர்களையும் கவனிக்க வேண்டும். மூன்றாமவர் தம் மகன்மேல் கொண்ட கோபத்தைப் பையன்மேல் தீர்க்கிறார். பத்தாமவர் சேரிவாசிகளை வெறுக்கிறார். அவர் விஷத்தைக் கக்கும்போது மற்றவர்கள் மேஜையை விட்டெழுந்து முகந்திருப்புகின்றனர். ஏழாமவரோ பந்தாட்டம் பார்க்கும் அவசரத்தில் திடீரென்று பக்கம் மாறுகிறார். கடிகாரம் செய்யும் ஜூரி ஒருவர் அவரைக் கண்டிக்கிறார். அக்கண்டனம் முற்றும் நியாயமே. நம்பிக்கையின்றி நல்ல பக்கம் சேர்வதும் கடமை தவறுதலே.

எட்டாமவர் வெளியே கத்தி வாங்கிவந்து சாட்சியமாகக் காட்டியது சட்டத்திற்கு ஒவ்வாதென்பதையும் சொல்லியாக வேண்டும். கோர்ட்டில் வந்த சாட்சியம் ஒன்றே ஜூரிக்கு ஆதாரம். ஆயினும் அவருடைய சந்தேகம் நியாயமானது.

நம் நாட்டில் 2024 வரை அமலிலிருந்த 1973-ம் வருஷக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்திலேயே ஜூரி விசாரணைக்கு இடமில்லாமற் போயிற்று. ஆனால் பஞ்சாயத்துகளும் நிர்வாக சபைகளும் கட்சிக் கமிட்டிகளும் எத்தனையோ உள்ளன. அங்கே தலைமை வகிப்போர், கை தூக்கச் சொல்லுமுன் எதிர்ப்பவர் இருக்கிறாரா என்று கேட்டு, அவர் பேச்சை முழுதும் கேட்பாராக. எதிர்ப்பவர் ஒருவரும் இல்லையென்றால், அந்த மௌனம் சம்மதமா, அச்சமா என்று ஆராய்வது அவர்களுடைய கடமையாகும்.