ஈயம் போன ஊரில் ஓர் அருங்காட்சியகம்: கோப்பேங் நமக்குச் சொல்வது என்ன?

ஜெஞ்சாரோம் – கோல லங்காட் வட்டாரத்தில் ஒரு தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகும்போது முதலில் காணாமல் போவது லயம். அடுத்து ஆயாக்கொட்டகை, பிறகு தோட்ட ஆபீஸ். கோயில் மட்டும் இடம் மாறியாவது பிழைத்துக்கொள்கிறது. அந்த லயங்களில் இருந்த உளி, மங்கு, சம்பளச் சீட்டு, திருமணப் படங்கள், கோயில் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் எங்கே போயின என்று கேட்டால் யாரிடமும் பதில் இருப்பதில்லை.

தொழில் போன பிறகு ஓர் ஊரிடம் என்ன மிஞ்சுகிறது என்ற இதே கேள்வி பேராக்கில் உள்ள ஒரு சிறு நகரத்துக்கும் எழுந்தது. அங்கே போனது ரப்பர் அல்ல, ஈயம். அந்த நகரம் கோப்பேங். ஊர்க்காரர்கள் சிலர் முன்வந்து 2009-இல் அங்கே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள்.

ஈப்போவுக்குத் தெற்கே, கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது கோப்பேங். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈயத்தைத் தேடி மக்கள் குவிந்த ஊர்களில் இதுவும் ஒன்று. இன்று பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் யூ யான் சாங் சீன மருந்துக்கடை 1879-இல் தொடங்கியது இந்த ஊரில்தான். சுரங்கத் தொழிலாளர்கள் வலி தெரியாமலிருக்க அபினை நாடிய காலம் அது. அதற்கு மாற்றாக மூலிகை மருந்து கொடுக்கவே யூ கோங் கடை திறந்தார் என்று அந்நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிறது.

கோப்பேங் பகுதியில் ஈயம் எடுத்த முறையைத் தெரிந்துகொண்டால்தான் அங்குள்ள பழைய இரும்புத் துண்டுகளுக்குப் பொருள் விளங்கும். மலையிலிருந்து பெரிய இரும்புக் குழாய்களில் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு வேகம் அதிகம். அதை மண்சுவர்மீது பீய்ச்சி அடித்தால் மண் கரைந்து சேறாகும். அந்தச் சேற்றை ‘பாலோங்’ எனப்படும் நீண்ட சாய்வான மரத்தொட்டியில் ஓடவிடுவார்கள். ஈயத்தாது மணலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். மணல் தண்ணீரோடு போய்விடும், தாது அடியில் தங்கிவிடும். பாலோங்கிலிருந்து தப்பி ஓடியதை ஆற்றோரத்தில் நின்று ‘டூலாங்’ தட்டில் அலசிப் பிழைத்த பெண்கள் பலர்.

1985 அக்டோபர் 24 அன்று லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை சரியாமல் இருக்க ஈயத்தை வாங்கிக் குவித்துவந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துபோனதுதான் காரணம். விலை பாதியாக விழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இளைஞர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். பெரியவர்கள் தங்கினார்கள். பூட்டிய கடைவீடுகளும் மழைநீர் நிறைந்த குட்டைகளும் மிஞ்சின.

அருங்காட்சியகத்துக்கான பொருள்கள் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வந்தன: படங்கள், தராசுகள், வீட்டுச் சாமான்கள், சுரங்கக் கருவிகள். இத்தகைய இடங்களைச் சிலர் ‘பழைய சாமான் கடை’ என்று இளக்காரமாகப் பேசுவதுண்டு. அது நியாயமில்லை. பத்துகாஜாவுக்கு அருகில் நிற்கும் டிடி5 ஈயக்கப்பலைப் பாருங்கள். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடியது, 4,500 டன் எடை. பார்ப்பவர் வாயைப் பிளக்க வேண்டியதுதான். ஆனால் அதில் வேலை செய்தவர் மத்தியானம் எதைச் சாப்பிட்டார், சம்பள நாளில் யாருக்குக் கடன் அடைத்தார் என்பதைக் கப்பல் சொல்லாது. ஒரு தூக்குச்சட்டியும் ஒரு கடன் புத்தகமும் சொல்லும்.

ஊர் மக்கள் கொண்டுவந்து கொடுத்ததுதான் இத்தகைய அருங்காட்சியகத்தின் பலம். அதன் குறையும் அதுவே. யார் கொடுத்தார்களோ அவர்களுடைய கதைதான் சுவரில் ஏறும். கிந்தாவின் ஈய வரலாறு பெரும்பாலும் சீனர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஈப்போவின் ஹான் சின் பெட் சூ, ஹக்கா சுரங்கக்காரர்களைப் பற்றியது. சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களே பெரும்பான்மையினர் என்பதால் அதில் தவறில்லை. நம்மைத் திட்டமிட்டு ஒதுக்கிவிட்டார்கள் என்று உடனே மேடை போட வேண்டியதும் இல்லை. நாம் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்பதுதான் முதல் கேள்வி.

தமிழர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு நம் பேச்சே சாட்சி. அகராதியைப் புரட்டினால் இந்த உலோகத்துக்கு ‘வெள்ளீயம்’ என்று இருக்கும். நம் வழக்கில் வெறும் ‘ஈயம்’. சுரங்கத்துக்கு ‘லம்பம்’, மலாய் ‘லொம்போங்’ நம் நாக்கில் பட்டு உருண்டு வந்த சொல். மிதந்துகொண்டே மண் அள்ளும் இயந்திரத்துக்கு ‘ஈயக்கப்பல்’. அருகிலிருந்து பார்க்காதவர், அதில் கூலி வாங்காதவர், இப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டார்.

தோண்டுவதோடு ஈயத் தொழில் முடிவதில்லை. தாது துறைமுகம் போய்ச் சேர வேண்டும். நாட்டின் முதல் ரயில் பாதை, ஈயம் விளைந்த தைப்பிங்கிலிருந்து இன்று கோல செப்பேத்தாங் எனப்படும் போர்ட் வெல்டுக்கு 1885-இல் திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. அதன்பின் ரயில், சாலைப் பணிகளில் தமிழர் உழைப்பு எவ்வளவு என்பது பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோப்பேங்கிலிருந்து பத்துகாஜா போகும் வழியில் கெல்லி மாளிகை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயிலையும் பார்க்க வேண்டும். தொழிலாளர்களின் வேண்டுகோளின்படி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டிக்கொடுத்தது அது. அதன் மேற்கூரையில் தெய்வ உருவங்களுக்கிடையே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்கிறார், கெல்லியேதான் என்கிறது வட்டாரம். துரைக்குக் கோயில் கூரையில் இடம் கொடுத்தவர்கள், தங்கள் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே பெயர்கள் இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். கோயில் கணக்குப் புத்தகம் அதில் முதன்மையானது. திருவிழாவுக்கு யார் எவ்வளவு கொடுத்தார், எந்த லயத்தில் எத்தனை குடும்பம், அரிசி என்ன விலை என்பதெல்லாம் அதில் கிடைக்கும். அடுத்து அடையாளக் கார்டு, குடியுரிமைப் பத்திரம், தொழிற்சங்க உறுப்பினர் அட்டை, பள்ளிக்கூட வருகைப் பதிவேடு.

இவற்றைக் கொடுக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அருங்காட்சியகத்துக்குப் பொருளை அன்பளிப்பாகவும் கொடுக்கலாம், இரவலாகவும் கொடுக்கலாம். இரண்டில் எது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பின்னால் பிள்ளைகளுக்குள் சண்டை வராது. படத்தைப் பிரிய மனமில்லையா? நகல் எடுக்கச் சொல்லிவிட்டு அசலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பொருளோடு கதையும் போக வேண்டும். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரம் இல்லாத படம், அழகான காகிதம், அவ்வளவுதான். விவரத்தைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். லேமினேட் செய்யவே கூடாது. அதைப் பிரித்தெடுக்கும்போது படமும் கூடவே கிழியும்.

கோல லங்காட்டுக்கு வருவோம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் களத்தில் இந்தப் பக்கமும் சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம், சீனத் தொழிலாளர்களுக்கு உள்ள கூலி எங்களுக்கும் வேண்டும், கள்ளுக்கடையை மூடு என்று கேட்ட போராட்டம் அது. ஆர்.எச். நாதன் கைதானார், ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதை நேரில் கண்டவர் எவரேனும் இருந்தால் அவருக்கு வயது நூறை நெருங்கியிருக்கும். அவர்களின் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதைகளையாவது கைப்பேசியில் பதிவுசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

கோப்பேங் மாதிரி ஒரு முயற்சிக்குப் பெரிய கட்டடம் தேவைப்படாது. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்படி ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேர் வேண்டும். ஒரு கோயில் மண்டபத்தின் மூலையோ தமிழ்ப்பள்ளியின் காலி அறையோ இடமாகலாம். வேண்டியது பூட்டுள்ள ஓர் அலமாரி, வரும் பொருளை எண் போட்டுக் குறித்து வைக்க ஒரு பதிவேடு, அதைத் தவறாமல் எழுத ஒருவர். இந்த மூன்றில் கிடைக்க அரிதானது மூன்றாவதுதான்.